கடலை மிட்டாயும் நூபியன் ஆடும்: ஒகையோ கவுண்டிக் கண்காட்சியில் கற்றவை

2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு காலை, கோவில்பட்டியில் அம்மா போடும் பக்குவத்திலேயே நான் போட்ட மாங்காய் ஊறுகாயைப் பழைய ஜாம் பாட்டில் ஒன்றில் நிரப்பிக்கொண்டு, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் எங்கள் கவுண்டிக் (நம் மாவட்டம் போன்ற பகுதி) கண்காட்சியின் போட்டிப் பதிவு மேசைக்கு முன் போய் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த மூதாட்டி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே விரல் பருமனுக்கு நின்ற நல்லெண்ணெயைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். எந்தச் செய்முறையைப் பின்பற்றினாய், கொதிநீரில் எத்தனை நிமிடம் வைத்தாய், மூடி ஏன் ஒரே துண்டாக இருக்கிறது. மூன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. பாட்டில் என் கைக்கே திரும்பி வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம், உப்பும் காரமும் தெரியாதவர்கள் ஊறுகாய்க்கு எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று கணவரிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். அந்தப் புலம்பலில் நியாயம் பாதிதான் என்பது புரிய எனக்கு இரண்டு கோடைகள் பிடித்தன.

நாங்கள் இருப்பது கொலம்பஸ் நகருக்கு வடமேற்கே, சோளமும் சோயாவும் விளையும் சமவெளியில். ஒகையோ மாநிலத்தில் 88 கவுண்டிகள் உண்டு. ஜூன் தொடங்கி அக்டோபர் வரை ஏதாவதொரு கவுண்டியில் கண்காட்சி நடந்துகொண்டே இருக்கும். ராட்டினமும் எண்ணெயில் பொரித்த தின்பண்டமும் வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு. பொருளோடும் பிராணியோடும் வருபவர்களுக்கு அது ஆண்டுத் தேர்வு. 1807-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்ட் ஊரில் எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ செம்மறிகளை ஊர்ப் பொதுவெளியில் கொண்டுவந்து நிறுத்தி, சுற்றியிருந்த விவசாயிகளின் கண்ணைத் திறந்ததிலிருந்து இந்த வழக்கத்தின் கதையைச் சொல்வார்கள். நல்ல ஆடு எது, நல்ல கம்பளி எது என்று பக்கத்து ஊர்க்காரன் கண்ணால் பார்த்து அறிந்து, தன் மந்தையையும் அந்தத் தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்பதுதான் அப்போதைய நோக்கம். பரிசு அதற்கு ஒரு தூண்டில். நான் முதலில் தவறவிட்டது இதைத்தான்: நடுவர் என் ஊறுகாயை என் அம்மாவின் ஊறுகாயோடு ஒப்பிடப் போவதில்லை, எழுதி வைத்த ஒரு தரத்தோடு ஒப்பிடப் போகிறார்.

அந்தத் தரம் எழுதப்பட்டிருக்கும் இடம், பிரீமியம் புக் என்று அங்கே சொல்லப்படும் போட்டிக் கையேடு. கோடைத் தொடக்கத்திலேயே வெளியாகிவிடும் அந்தக் கையேட்டை, கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை மட்டும் பார்ப்பதுபோல் நான் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தேன். பெயர் பதியும் கடைசி நாள் வேறு, பொருளைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் நாள் வேறு. முதலாவதைத் தவறவிட்டவர் இரண்டாவது நாளில் எவ்வளவு அருமையான பொருளோடு வந்தாலும் பயன் இல்லை. ஒவ்வொரு துறைக்குள்ளும் வகுப்புகள், ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண், அந்த எண்ணைத் தாங்கிய டேக், தட்டில் எத்தனை துண்டுகள், எந்த நிறத் தட்டு, மேலே எந்த உறை என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். ஆறு துண்டு என்று இருக்கும் இடத்தில் ஏழு வைத்தால், தாராள மனசு என்று யாரும் பாராட்டுவதில்லை.

ஊறுகாய்க்கு வருகிறேன். பதப்படுத்திய உணவுப் பிரிவில், சோதித்து உறுதிசெய்த செய்முறைகளை மட்டுமே ஏற்கிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டி நூலும், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையமும்தான் அவர்களுக்கு வேதம். காரணம் பாட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் நஞ்சு. காற்றுப் புகாத ஜாடிக்குள், அமிலம் குறைந்த உணவில், அந்த நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் சுகமாக வளரும். அமில அளவைக் காட்டும் பிஎச் எண் (எண் கூடக் கூட அமிலம் குறைவு) 4.6-க்கு மேல் போனால் கொதிநீர் மட்டும் போதாது, நீராவி அழுத்தத்தில் ஜாடியைச் சூடாக்கும் பிரஷர் கேனர்தான் வேண்டும். எண்ணெய் மிதக்கும் பண்டத்தில் வெப்பம் உள்ளே எப்படிப் பரவுகிறது, அமிலம் எல்லாத் துண்டிலும் சமமாக ஏறியதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம் மாங்காயில் புளிப்பும் உப்பும் தாராளமாக உண்டு, தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறோம். அந்த மூதாட்டியும் அதை நஞ்சு என்று சொல்லவில்லை. சோதித்த குறிப்பு ஒன்றைக் காட்டு என்றுதான் கேட்டார். அம்மாவின் குறிப்பில் உப்பு என்பது ‘கை கொள்ளும் அளவு’. யாருடைய கை என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அடுத்த ஆண்டு அந்தத் தேசிய மையத்தின் குறிப்பிலிருந்தே மாங்காய்ச் சட்னி செய்தேன். காய் மாங்காயோடு வினிகர், சர்க்கரை, வெங்காயம், இஞ்சி, பூண்டு, உலர்திராட்சை, மிளகாய்த்தூள் எல்லாம் சேரும்; வினிகர் 5 சதவீத அமிலம் உள்ளதாக இருக்க வேண்டும், அதன் அளவைக் குறைக்கக் கூடாது. பதப்படுத்துவதற்கான மேசன் கண்ணாடி ஜாடி, தட்டையான மூடி ஒன்று, அதைப் பிடிக்கும் திருகு வளையம் ஒன்று என்று எல்லாம் முறைப்படி வாங்கினேன். அரை அங்குல வெற்றிடம் விட்டு நிரப்பி, ஓரத்தைத் துடைத்து, கொதிநீரில் 10 நிமிடம் வைத்து எடுத்தேன். ஒவ்வொரு மூடியும் ஆறும்போது ‘டிக்’ என்று உள்வாங்கும் சத்தத்தைக் கேட்க நள்ளிரவு வரை அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த 10 நிமிடம் 1,000 அடி உயரம் வரை உள்ள ஊர்களுக்கானது. எங்கள் வீடு அதற்குச் சற்றே மேலே இருக்கிறது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் நேரத்தைக் கூட்ட வேண்டும், எங்கள் இடத்துக்கு அது 15 நிமிடம். லேபிளில் நானே நேர்மையாக எழுதி ஒட்டியிருந்த ‘10 நிமிடம்’ என்னைக் காட்டிக் கொடுத்தது. ஆகவே, பதப்படுத்துவதற்கு முன் உங்கள் வீடு கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து ஊர்த் தோழியின் நேரம் உங்களுக்குப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். வளையத்தில் துரு இருந்தாலும், ஜாடியின் வெளிப்புறம் பிசுபிசுத்தாலும் மதிப்பெண் போகும். எங்கள் கண்காட்சியில் ஜாடியைத் திறந்து ருசி பார்ப்பதே இல்லை. துண்டுகள் ஒரே அளவா, நிறம் தெளிவா, மேல்மட்டம் சரியா என்று பார்ப்பதோடு சரி. பச்சை மாங்காய் நறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பதையும் நான் கேலி செய்தேன். அதன் தோலில் இருக்கும் பால், இங்கே காடுகளில் படரும் பாய்சன் ஐவி போலவே சிலருக்குத் தடிப்பை உண்டாக்கும். அந்தச் சிலரில் என் கணவரும் ஒருவர்.

மூன்றாம் ஆண்டு அதே சட்னிக்குச் சிவப்பு ரிப்பன் கிடைத்தது. படம் பிடித்து அனுப்பியதும் டொரன்டோவில் இருக்கும் சித்தி மகள், “அக்கா, முதல் பரிசா!” என்று துள்ளினாள். கனடாவில் சிவப்புதான் முதலிடம். அமெரிக்காவில் நீலம் முதலிடம், சிவப்பு இரண்டாமிடம். அவளை உடனே திருத்த எனக்கு மனம் வரவில்லை. ரிப்பன் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. பெரியவர்களுக்கான பொதுப் பிரிவில் ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு நீலம்தான். சிறுவர்களுக்குப் பல இடங்களில் டேனிஷ் முறை என்று ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். அதில் தரத்தை எட்டிய எல்லாருக்கும் நீலம் உண்டு, பத்துப் பேர் எட்டினால் பத்து நீலம். எந்த முறை என்று முன்பே தெரிந்துகொண்டால் பிள்ளைகளின் எதிர்பார்ப்பைச் சரியாக வைக்கலாம்.

கடலை மிட்டாய் எனக்கு மானப் பிரச்சினை. பின்னாளில், 2020-இல், புவிசார் குறியீடே பெற்றுவிட்ட கோவில்பட்டி மிட்டாயின் ஊரில் பிறந்தவள் நான். வறுத்த கடலையைத் தோல் நீக்கி, பாகைத் தண்ணீரில் ஒரு துளி விட்டு, அது கெட்டியாகித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்கும் பதம் பார்த்து, கொட்டித் தேய்த்து, அடிக்கோல் வைத்து வெட்டினேன். ‘பீனட் பிரிட்டில்’ என்ற வகுப்பைப் பார்த்ததும் இது நமக்காகவே வைத்தது என்று அதில் பதிந்தேன். நடுவரின் குறிப்புச் சீட்டில் இரண்டே வரிகள்: தடிமன் அதிகம், கடலை அதிகம் என்று ஒன்று; ஒட்டுகிறது என்று மற்றொன்று. முதல் வரிக்குக் காரணம் நான் வகுப்பைத் தவறாகத் தேர்ந்ததுதான். அவர்களுடைய பிரிட்டில் என்பது வெள்ளைச் சர்க்கரைப் பாகில் சோடா உப்புச் சேர்த்து, நுரைத்து வரும்போது கண்ணாடித் தகடுபோல மெலிதாக இழுத்துப் பரப்பி உடைப்பது; பாகு உள்ளே தேன்கூடு மாதிரி இருக்க வேண்டும். கடலையை நெருக்கிக் கட்டிய நம் மிட்டாய் அந்த அளவுகோலில் தோற்காமல் என்ன செய்யும்? மறு ஆண்டு அதையே ‘ஏனைய மிட்டாய்கள்’ வகுப்பில் வைத்தபோது நீலம் வந்தது. பண்டம் அதேதான். ‘ஏனைய’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் பண்டங்களுக்குப் பெரும்பாலும் அதுதான் நல்ல வாசல்.

இரண்டாவது வரிக்குக் காரணம் வெல்லம். ஒகையோவின் ஆகஸ்ட் மாதக் காற்றில் ஈரம் தளும்பும்; வெல்லம் அதை இழுத்துக்கொள்ளும். நான் இரண்டு நாள் முன்னதாகவே செய்து வைத்திருந்தேன். இப்போது ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு, ஏசி ஓடும் அறையில் செய்து, சூடு முழுதும் ஆறிய பிறகே உறையிடுகிறேன். வெப்பமானி ஒன்றும் வாங்கினேன். டங்கென்ற ஓசையை என் காது தவறவிடாது என்பது உண்மைதான், ஆனால் அது 300 ஃபாரன்ஹீட்டுக்கு அருகில் நிகழ்கிறது என்று எழுதி வைத்த பிறகுதான் என் மகனால் அதை நான் இல்லாமல் செய்ய முடிந்தது.

பிராணிகளின் கதை வேறு. எங்கள் குடியிருப்புச் சங்கம் கோழிக்குக்கூட அனுமதி தராது. ஆகவே இருபது நிமிடத் தொலைவில் பண்ணை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் கொட்டகையில் ஒரு மூலை கேட்டு வாங்கினோம். பிள்ளைகள் ஃபோர் ஹெச் (4-H) என்னும் சிறார் இயக்கத்தின் மன்றத்தில் சேர்ந்தார்கள். அந்த இயக்கத்தின் தொடக்கப் புள்ளியாக எங்கள் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் 1902-இல் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி மேற்பார்வையாளர் தொடங்கிய சிறுவர் மன்றத்தைத்தான் குறிப்பிடுவார்கள். முதலில் மகன் கோழி வளர்த்தான். தொட்டியில் குளிப்பாட்டி, கொண்டைக்கு எண்ணெய் தடவி எல்லாம் பழக்கிய பிறகு, 2015-இல் பறவைக் காய்ச்சல் பரவல் காரணமாக ஒகையோவில் உயிருள்ள பறவைகள் எல்லாக் கண்காட்சிகளிலும் தடை செய்யப்பட்டன. அந்த ஆண்டு அவன் ஒரு பொம்மைக் கோழியையும் கையால் வரைந்த அட்டையையும் வைத்துக்கொண்டு நடுவரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னான். கோழி இல்லாமலே கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே உள்ள எழுதாத விதி. என்ன தீனி, எவ்வளவு புரதம், எந்த நோய்க்கு என்ன அறிகுறி என்று கேட்பார்கள்.

மகள் கேட்டது ஆடு. நிலம் இல்லாத குழந்தைகள் பண்ணைக்காரரிடமிருந்து பருவத்துக்கு ஆட்டைக் குத்தகைக்கு எடுத்து வளர்க்கலாம். ஆனால் எந்தத் தேதிக்குள் ஆடு குழந்தையின் பொறுப்பில் வந்திருக்க வேண்டும் என்ற கெடு இருக்கிறது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2017-இல் அவள் தேர்ந்தெடுத்தது ஒரு நூபியன் குட்டி. நீளமாகத் தொங்கும் காதும் வளைந்த மூக்கும் பார்த்தவுடன் எனக்கு ஊர் நினைவு வந்தது வீணல்ல; அந்த இனம் இங்கிலாந்து ஆடுகளோடு நம் நாட்டு ஜமுனாபாரி முதலிய கிடாய்களைச் சேர்த்து உருவானது. தாள் வேலை நிறைய. ஸ்க்ரேப்பி என்னும் ஆட்டு நரம்பு நோயைக் கண்காணிப்பதற்கான காதுக் குறி, பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகும் பச்சை குத்தல், மருந்து கொடுத்திருந்தால் அதன் விவரமும், பாலையும் கறியையும் பயன்படுத்தக் கூடாத விலக்கு நாள்களும் எழுதிய படிவம், தரப் பயிற்சி வகுப்பு என்று ஒவ்வொன்றும் வேண்டும். காதில் குத்திய எண் மங்கிப்போனால் ஒரு எழுத்துப் பிழைக்காகக் களத்திலிருந்து திரும்ப வேண்டிவரும். கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே காதுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் படித்துப் பாருங்கள்.

போட்டிக் களத்தில் பிள்ளை வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை அணிந்து, கழுத்துப் பட்டையைப் பிடித்து, நடுவருக்கும் தனக்கும் நடுவில் ஆடு இருக்கும்படி நடத்திச் செல்ல வேண்டும். நடுவர் இந்தப் பக்கம் வந்தால் பிள்ளை அந்தப் பக்கம் மாற வேண்டும், ஆட்டைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. நின்றதும் நான்கு காலும் நான்கு மூலையில் சதுரமாக நிற்க வேண்டும். முதுகு வளைந்தால் இடுப்புக்கு மேல் விரலால் மெல்ல அழுத்தினால் ஆடு தானே தாழ்த்தும். இதை மே மாதத்திலிருந்து தினமும் பத்து நிமிடம் பழக்கியவர்களின் ஆடு நிற்கிறது. கண்காட்சிக்கு முந்தைய வாரம் பழக்கிய எங்கள் ஆடு களத்தின் நடுவில் படுத்துக்கொண்டது.

2018-இல் அது குட்டி போட்டுப் பால் கறந்தது, பிழையும் பெரிதானது. கண்காட்சித் திடலின் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை. கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய ஆடு வாயை வைக்க மறுத்தது. தண்ணீர் குடிக்காததால் பால் சுருங்கியது. மடி சிறிதாகத் தெரியுமே என்று பயந்த மகள், எங்களிடம் சொல்லாமல் அன்றிரவு கறக்காமல் விட்டாள். இதற்குள் பண்ணை முதியவர் வந்து பார்த்து, கரும்புப் பாகு கரைத்து வைக்கச் சொன்னார். அது கைவசம் இல்லாததால் நான் மிட்டாய்க்கு வைத்திருந்த வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். ஆடு வாளியை ஒரே மூச்சில் காலி செய்தது. விளைவு, காலையில் மடி விண்ணென்று இறுகி, ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்துக் கிடந்தது. பால் தரும் ஆட்டுக்கு அமெரிக்கக் கறவை ஆடு சங்கத்தின் அட்டவணையில் 100-க்கு 35 மதிப்பெண் மடிக்கு, 35 பொதுத் தோற்றத்துக்கு, 20 கறவை வலுவுக்கு, 10 உடல் கொள்ளளவுக்கு. இறுகிய மடியில் திசுவின் மென்மையை நடுவரால் தொட்டறிய முடியாது, இரு பாதியும் சமமில்லாவிட்டால் அதற்கும் மதிப்பெண் குறையும். கடைசி இடம் கிடைத்தது. கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கிவிட்டால், அங்கும் அதே ருசியில் எந்தத் தண்ணீரையும் குடித்துவிடும். களம் காலை 9 மணிக்கு என்றால் முந்தைய இரவு 9 மணிக்கு இரு காம்பையும் ஒரே அளவாக, முழுதாகக் கறந்துவிட வேண்டும்.

கறிக்கான ஆடுகளைக் குழந்தைகள் வாரக் கடைசியில் ஏலம் விடுகிறார்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் சந்தை விலையைவிடப் பல மடங்கு கூட்டிக் கேட்பது அந்தப் பிள்ளைகளின் படிப்புக்காக. ஏலம் முடிந்த மாலையில் பக்கத்துத் தட்டிக்குள் பத்து வயதுப் பையன் ஒருவன் தன் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வைக்கோலில் படுத்திருந்தான். அவன் அப்பா வெளியே நின்று மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் குழந்தை கறி ஆட்டை எடுக்கும் முன் ஒரு ஆண்டு அந்த மாலையை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கறவை ஆடு என்றால் வீடு திரும்பும்.

2019-இல் அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். கண்ணாடி அலமாரிக்குள் இருந்த என் சட்னி ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒரு சொட்டு எண்ணெய் கூட இல்லையே, இதப் போயி ஊறுகாங்கீக” என்று நகர்ந்துவிட்டார். ஆட்டுக் களத்தில் மட்டும் கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை. ஏழு ஆடுகளில் எங்களுடையது மூன்றாவதாக நின்றது. நடுவர் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு ஆட்டையும் ஏன் அந்த இடத்தில் வைத்தேன் என்று காரணம் சொல்லிக்கொண்டு வந்தார். மகள் பாட்டியிடம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “அந்தக் கடைசியில நிக்கிற ஆட்டோட காலப் பாரு தாயி. எட்டயபுரம் சந்தையில நானா இருந்தா அதத்தான் பிடிச்சிருப்பேன்” என்றார்.

களம் கலைந்ததும் நேராக அந்த ஆட்டின் தட்டிக்குப் போனார். அதன் உரிமையாளர் தொப்பி அணிந்த ஒரு கிழவர். அம்மா ஒன்றும் பேசாமல் ஆட்டின் கீழுதட்டை விரலால் விலக்கிப் பல் பார்க்கக் கையை நீட்டினார். கிழவர் ஒரு கணம் கூடத் தயங்காமல் தாடையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். அம்மா நான்கு விரலைக் காட்டினார். கிழவரும் நான்கு விரலைக் காட்டித் தலையாட்டினார்.